சாணக்யபுரியில் பிடித்த காற்று

என் சித்தப்பா ஒருமுறை, போலீஸ்காரர்கள் சுற்றி நிற்க, என் முகத்தைப் பார்த்துக்கொண்டே, இந்தப் பெண்ணை எனக்குத் தெரியாது என்று சொன்னார். நான் பன்னிரண்டாம் வகுப்பில் இருந்த வருடம், நவம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், சாணக்யபுரியில் அது நடந்தது. நான் எதையும் திருடவில்லை, யாரையும் அடிக்கவில்லை. பயாலஜி ப்ராக்டிகல் செய்யப் போயிருந்தேன், அவ்வளவுதான்.

எனக்கு அப்போது பதினேழு வயது. டெல்லியில் சர்க்கார் உத்தியோகத்தில் இருக்கும் தமிழ்க் குடும்பத்தில் ஒரு பெண் பயாலஜி எடுத்துவிட்டால் அவளை அன்றைக்கே டாக்டராக்கிவிடுவார்கள். நான் தும்மினால் அம்மா, டாக்டருக்கே தடுமம் பிடிச்சிருச்சே என்று கவலைப்படுவாள். அப்பா கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸில் எல்லோரிடமும் நான் எந்த ஊரில் ஆஸ்பத்திரி கட்டப்போகிறேன் என்பதுவரை சொல்லி வைத்திருந்தார். நானும் அதற்கேற்ற திமிரோடுதான் இருந்தேன். செல், டிஎன்ஏ, மரபணு என்று பேசுகிற எனக்கு, வீட்டில் இருந்த மற்றவர்கள் கொஞ்சம் பாவப்பட்டவர்களாகத் தெரிந்தார்கள்.

எங்கள் பயாலஜி மேடம் ப்ராக்டிகல் ஃபைலில் சேர்க்கச் சொல்லி ஒரு சோதனை கொடுத்திருந்தார். ஒன்றுக்கொன்று நன்றாக மாறுபட்ட இரண்டு இடங்களில் காற்றில் மிதக்கும் தூசியைப் பிடித்து ஒப்பிட வேண்டும். செய்முறை சுலபம். கண்ணாடி ஸ்லைடில் உதட்டுக்குத் தடவும் ஜெல்லியை மெல்லப் பூசி, திறந்த வெளியில் சில மணி நேரம் வைத்தால், போகிற வருகிற தூசி எல்லாம் அதில் ஒட்டிக்கொள்ளும். பிறகு மைக்ராஸ்கோப்பில் வைத்து எண்ண வேண்டியதுதான். வகுப்பில் பாதிப் பேர் பள்ளி வாசலில் ஒன்று, பள்ளித் தோட்டத்தில் ஒன்று என்று வைத்துவிட்டு முடித்துக்கொண்டார்கள். இன்னும் சில புத்திசாலிகள் எங்கேயும் வைக்காமலே எண்ணி முடித்திருந்தார்கள்.

எனக்கு அது பிடிக்கவில்லை. மாறுபட்ட இடம் என்றால் உண்மையிலேயே மாறுபட்டிருக்க வேண்டாமா? ஒரு இடம் எங்கள் வீட்டு பால்கனி. கீழே பஸ் புகை, சமோசாக் கடைப் புகை, தீபாவளி முடிந்தும் தீராத பட்டாசுப் புகை. துணி காயப்போட்டால் எடுக்கும்போது மறுபடி துவைக்க வேண்டியிருக்கும். இன்னொரு இடம் சாணக்யபுரி என்று முடிவு செய்தேன். அகலமான சாலை, இரண்டு பக்கமும் மரம், வரிசையாகத் தூதரகங்கள். அங்கே காற்றுக்கே விசா வேண்டும் என்று அப்பா சொல்வார். அந்த விசாவை வாங்கித்தர எனக்கு ஒரு சித்தப்பா இருந்தார்.

சித்தப்பா அப்பாவின் கடைசித் தம்பி. ஐடிஐ முடித்துவிட்டுச் சங்கரன்கோவிலிலிருந்து வேலை தேடி வந்தவர். சாணக்யபுரியில் ஒரு மாநிலத்தின் விருந்தினர் மாளிகையில் எலக்ட்ரீஷியன். எந்த மாநிலம் என்பது இப்போது வேண்டாம், தெற்கத்தி மாநிலம் இல்லை என்பது மட்டும் போதும். லிஃப்ட், ஜெனரேட்டர், தண்ணீர் மோட்டார், மாடியில் தொட்டிகள் எல்லாம் அவர் பொறுப்பு. ஆனால் எல்லாம் கான்ட்ராக்டில். வருடா வருடம் நீட்டித்துக்கொண்டே வந்தார்கள். அந்த வருடம்தான் அவரை பர்மனென்ட் ஆக்கும் ஃபைல் கிளம்பி, மேசை மேசையாக நகர்ந்து, கடைசி மேசைக்கு வந்திருந்தது. ஊரில் ஒரு பெண்ணும் பார்த்து வைத்திருந்தார்கள். மாப்பிள்ளை பர்மனென்ட் ஆகட்டும், மறுமாதமே கல்யாணம் என்று பெண் வீட்டில் சொல்லிவிட்டார்கள். எங்கள் வீட்டில் பர்மனென்ட் என்ற வார்த்தையைச் சாமி பேர் மாதிரிச் சொன்னார்கள். அம்மா வெள்ளிக்கிழமை விளக்கேற்றும்போது என் மார்க்குக்கு வேண்டிக்கொண்ட கையோடு சித்தப்பாவின் பர்மனென்டுக்கும் சேர்த்து வேண்டிக்கொள்வாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்குச் சித்தப்பா எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். அவர் தமிழில் கேட்பார், நான் இந்தியில் பதில் சொல்வேன். டெல்லியில் பிறந்து வளர்ந்த எனக்கு அதுதான் வாயில் வந்தது. அவர் காது கேட்காதவர் மாதிரி உட்கார்ந்திருப்பார். "தமிழ்ல சொன்னாத்தான் எனக்குக் காது கேக்கும்" என்பார். அதற்காகவே நான் இன்னும் வேகமாக இந்தி பேசுவேன்.

ஸ்லைடு விஷயத்தைச் சொன்னபோது அவர் முதலில் சிரித்தார். பிறகு கொஞ்சம் யோசித்தார். மாளிகையின் மொட்டை மாடிக்கு வெளியாள் யாரும் போகக் கூடாது என்பது சட்டம். மாடிக் கதவின் சாவி அவர் ஒருவரிடம்தான் இருந்தது. நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். ஃபைலைத் திங்கட்கிழமை கொடுக்க வேண்டும், போர்டு பரீட்சை மார்க்கு, டாக்டர் படிப்பு என்று அடுக்கினேன். அப்பா இல்லாத நேரம் பார்த்துக் கண்ணீரும் விட்டேன்.

"சரிட்டி, அழுது தொலைக்காத" என்றார் சித்தப்பா. "ஞாயித்துக்கெழமை கெஸ்ட் யாரும் கெடையாது. முதலமைச்சரு திங்கக்கெழமதான் வாராரு. காலைல வா, வச்சிட்டு, சாயங்காலம் எடுத்துட்டுப் போயிரு. ஒரு பய பாக்க மாட்டான்."

சனிக்கிழமை இரவு உட்கார்ந்து கருவியைத் தயார் செய்தேன். கருவி என்று நான்தான் அதற்குப் பெயர் வைத்திருந்தேன். அம்மாவின் பழைய முறுக்கு டின். அதன் மூடிமேல் நான்கு ஸ்லைடுகளை வரிசையாக வைத்து, ஓரங்களில் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டினேன். மாடிக் காற்றில் டின் உருண்டுவிடக் கூடாதே என்று உள்ளே கனமாக ஏதாவது போட வேண்டியிருந்தது. அம்மா எதையும் தூக்கிப் போட மாட்டாள். தீர்ந்துபோன டார்ச் பேட்டரிகள், ரிமோட் பேட்டரிகள், கடிகாரத்து பேட்டரிகள் எல்லாம் ஒரு பையில் இருந்தன. அவற்றை அள்ளி உள்ளே போட்டு, குலுங்காமல் இருக்கப் பூக்கட்டும் நூலால் சுற்றிக் கட்டினேன். மூடியையும் டேப் போட்டு இறுக்கினேன். மேலே ஒரு காகிதத்தில் 'தொடாதே' என்று இங்கிலீஷில் சிவப்பு மையால் எழுதி ஒட்டினேன். அந்த டின்னைப் பார்த்தால் வேறு யாருக்கு என்ன தோன்றும் என்று ஒரு நிமிடம்கூட நான் யோசிக்கவில்லை. எனக்கு அது அறிவியலாகத் தெரிந்தது.

மறுநாள் காலை சித்தப்பா என்னைப் பின்வாசல் வழியாக அழைத்துப் போனார். கதவைத் திறந்து மாடிக்கு ஏற்றிவிட்டார். முன்பக்கக் கைப்பிடிச் சுவர்மேல், காற்று நன்றாகப் படுகிற இடமாகப் பார்த்து டின்னை வைத்தேன். நேர் கீழே போர்டிகோ. சித்தப்பா டின்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "இது எதுக்குட்டி இவ்வளவு ஜோடனை?" என்று கேட்டார். சயன்ஸ் என்றேன். அவர் வேறு எதுவும் கேட்காமல் கதவைப் பூட்டினார்.

பின்பக்கம் தோட்டக்காரர் சாமான்களோடு ஒரு பம்ப் ரூம் இருந்தது. அங்கே உட்கார்ந்து மரபியல் பாடத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். மத்தியானம் சித்தப்பா கேன்டீனிலிருந்து ராஜ்மா சாதம் கொண்டுவந்து கொடுத்தார். நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே அவருக்கு போன் வந்தது. கேட்டுக்கொண்டே நின்றவரின் முகம் மாறியது. முதலமைச்சரின் பயணம் மாறிவிட்டதாம். இன்றைக்கே, கொஞ்ச நேரத்தில் வருகிறாராம்.

"வெளிய வராத. நான் வந்து கூப்பிடுத வரைக்கும் இங்கனயே கெட" என்று சொல்லிவிட்டு ஓடினார். டின்னை எடுக்கத்தான் ஓடினார், மாடிக் கதவையும் திறந்திருப்பார் என்று நினைக்கிறேன். ஆனால் அவர் டின்னை எடுப்பதற்குள் பாதுகாப்புக்காரர்கள் வந்து எல்லோரையும் கீழே கூப்பிட்டுவிட்டார்கள்.

பம்ப் ரூமின் சின்ன ஜன்னலில் கொஞ்ச நேரம் எதுவும் தெரியவில்லை. பூட்ஸ் சத்தம், வண்டிக் கதவுகள் சத்தம், யாரோ யாரையோ கத்திக் கூப்பிடும் சத்தம். பிறகு எல்லோரும் வெளியே ஓடுகிற சத்தம். சமையல்காரர், துப்புரவுப் பெண்கள், ரிசப்ஷன் பையன்கள் எல்லோரையும் புல்வெளியில் வரிசையாக நிறுத்தினார்கள். சித்தப்பாவும் அந்த வரிசையில் நின்றார். நாய் ஒன்று குரைத்தது. மாடியில் ஒரு டப்பா இருக்கிறது, உள்ளே பேட்டரி இருப்பதாக மெஷின் காட்டுகிறது, யாரும் கிட்டே போகாதே என்று இந்தியில் யாரோ போனில் சொன்னது என் காதில் விழுந்தது.

எனக்குப் பயம்தான். இருந்தாலும் உள்ளதைச் சொல்கிறேன். முதலில் எனக்கு வந்த நினைப்பு, ஐயோ, ஸ்லைடைத் தொட்டுவிடுவார்களே, கைரேகை பதிந்துவிட்டால் எண்ண முடியாதே என்பதுதான்.

பிறகு ஒரு வேன் வந்தது. அதிலிருந்து கனமான உடுப்பும் தலைக்கவசமும் போட்ட ஒருவர் இறங்கினார். அவர் அந்த உடுப்போடு மெல்ல மெல்ல வாசலை நோக்கி நடந்ததைப் பார்த்தபோதுதான் எனக்கு விஷயம் முழுதாக உறைத்தது. என் முறுக்கு டின்னுக்காக ஒரு மனிதர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்கிறார். சித்தப்பா உள்ளேயே கிட என்று சொன்னது மறந்துபோயிற்று. கதவைத் திறந்துகொண்டு புல்வெளிக்கு ஓடினேன். அது என்னுடையது, பாம் இல்லை, பயாலஜி ப்ராக்டிகல் என்று இந்தியில் கத்தினேன்.

அத்தனை தலைகளும் திரும்பின. இரண்டு துப்பாக்கிகளும் திரும்பின. எங்கிருந்தோ ஒரு பெண் கான்ஸ்டபிள் பாய்ந்து வந்து என் கையை முறுக்கிப் பிடித்தாள். நான் புல்லில் உட்கார்ந்துவிட்டேன்.

சஃபாரி சூட் போட்ட அதிகாரி ஒருவர் வந்து என் முன்னால் நின்றார். யார் நீ, எப்படி உள்ளே வந்தாய், யார் உன்னை மாடியில் ஏற்றியது என்று அடுக்கடுக்காகக் கேட்டார். நான் வரிசையில் நின்ற சித்தப்பாவைப் பார்த்தேன். அவர் இரண்டு எட்டு வைத்து வந்து, சாப், இது என் அண்ணன் மகள் என்று சொல்லிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பினேன். என் பார்வை போன திசையை அதிகாரியும் பார்த்தார்.

"ஜான்தே ஹோ இஸே?" என்று சித்தப்பாவிடம் கேட்டார். இவளைத் தெரியுமா?

சித்தப்பா என்னை நேராகப் பார்த்தார். "நஹீ சாப். மைங் நஹீ ஜான்தா" என்றார்.

அந்த நிமிடத்தை எப்படிச் சொல்வது என்று இன்றைக்கும் தெரியவில்லை. கையை முறுக்கியது வலிக்கவில்லை, துப்பாக்கி பெரிதாகத் தெரியவில்லை. சின்ன வயதில் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு இந்தியா கேட்டில் ஐஸ்கிரீம் வாங்கித் தந்த மனிதர், என்னைத் தெரியாது என்கிறார். பர்மனென்ட், என்று நினைத்தேன். கடைசி மேசையில் இருக்கும் அந்த ஃபைலுக்காக என்னை விற்கிறார். நெஞ்செல்லாம் எரிந்தது.

கான்ஸ்டபிள் என் பையைக் கொட்டினாள். பாடப் புத்தகம், பேனா, ஜெல்லி டப்பா, பள்ளி அடையாள அட்டை. அதிகாரி அட்டையை எடுத்து என் பெயரையும் அப்பா பெயரையும் இரண்டு முறை தட்டுத் தடுமாறிப் படித்தார். மத்ராஸி, என்றார். பிறகு மெல்லச் சித்தப்பா பக்கம் திரும்பினார். நீயும் மத்ராஸிதானே?

சித்தப்பா தலையை ஆட்டினார். அவர் நெற்றியில் வேர்வை வடிந்ததைப் பார்த்தேன். நவம்பர் மாத டெல்லியில் யாருக்கும் வேர்க்காது. அதிகாரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அந்தக் கண்ணில் சந்தேகம் ஏறுவது எனக்கே தெரிந்தது. எங்கள் இருவருக்கும் மூக்கு ஒரே மாதிரி, அப்பா வீட்டு மூக்கு. நான் மூக்கைக் கையால் மூடிக்கொண்டேன்.

இந்தப் பெண் பயந்துபோயிருக்கிறாள், உன் பாஷையில் கேள், எப்படி வந்தாள், யார் அனுப்பினார்கள் என்று கேட்டுச் சொல், என்றார் அதிகாரி.

சித்தப்பா என் எதிரே வந்து நின்றார். விரலை நீட்டினார். அவர் அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை.

"ஏட்டி! அழாத! என் மூஞ்சியப் பாக்காத, தரையப் பாரு!" என்று அதட்டினார். குரலில் இடி இடித்தது. சுற்றி நின்றவர்கள், பலே, நன்றாக மிரட்டுகிறான் என்பதுபோல் பார்த்தார்கள். "உனக்கு ஒண்ணும் ஆகாது! நல்லாக் கேட்டுக்க! சித்தப்பாங்கிற வார்த்த உன் வாயில வரவே கூடாது!"

நான் தரையைப் பார்த்தேன். அதுவரை எனக்குச் சுலபத்தில் வராத தமிழ் அன்றைக்கு எங்கிருந்தோ வந்தது.

"நீங்கதானே கூட்டிட்டு வந்தீங்க?" என்றேன்.

"நான் கூட்டிட்டு வரல! நீயா வந்த! பின்வாசல்ல யாரும் இல்ல! மாடிக் கதவு தெறந்து கெடந்துச்சு! ஏறிப் போயி வச்சிட்டு எறங்கிட்ட!" ஒவ்வொரு வாக்கியத்துக்கும் விரலை ஆட்டினார்.

"பூட்டிதானே இருந்துச்சு? நீங்கதானே தெறந்தீங்க?"

"தெறந்து கெடந்துச்சுன்னு சொல்லுதேன்லா!"

"நான் பொய் சொல்லணுமா?"

"ஆமா!" என்று கத்தினார். கத்தியபோது குரல் கொஞ்சம் பிசிறியது. எனக்கு மட்டும்தான் அது தெரிந்திருக்கும்.

என்ன சொல்கிறாள் என்று அதிகாரி கேட்டார். காலையில் பின்வாசலில் யாரும் இல்லையாம், மாடிக் கதவும் திறந்து கிடந்ததாம், பள்ளிக்கூடச் சோதனைக்காக இதை வைத்துவிட்டு, எடுப்பதற்காகக் காத்திருந்தாளாம் என்று சித்தப்பா இந்தியில் சொன்னார். அந்த வாக்கியத்தை நிதானமாக, ஒரு சொல் பிசகாமல் சொன்னார்.

அதிகாரி என் முன்னால் குனிந்தார். நீயே சொல், கதவு திறந்தா இருந்தது என்று இந்தியில் கேட்டார். உண்மையைச் சொல்லிவிடலாமா என்று எனக்குத் தோன்றியது. ஒரே ஒரு வார்த்தை. இதோ நிற்கிறாரே, இவர்தான் திறந்தார். சொன்னால் அவர் பர்மனென்ட் போய்விடும். அவர் என்னைத் தெரியாது என்றாரே, போகட்டுமே. சங்கரன்கோவில் பெண் காத்திருந்தால் எனக்கென்ன. வாய் திறந்துவிட்டது. ஆனால் அம்மா விளக்கின் முன்னால் நிற்பது ஏனோ ஞாபகம் வந்தது.

"ஹாங்" என்றேன். "தர்வாஸா குலா தா." ஆமாம், கதவு திறந்துதான் இருந்தது.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. அதிகாரி என் அட்டையில் இருந்த எண்ணில் பள்ளியைக் கூப்பிட்டு, அங்கிருந்த வாட்ச்மேனிடம் எங்கள் மேடத்தின் எண்ணை வாங்கினார். ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்திலிருந்து எழுப்பப்பட்ட மேடம், ஆமாம், ஸ்லைடில் ஜெல்லி தடவித்தான் வைக்க வேண்டும், ஆனால் பேட்டரி வைக்கச் சொல்லி நான் சொல்லவே இல்லை என்று பதறினாராம். கவசக்காரர் டின்னைக் கீழே கொண்டுவந்து, நீண்ட கம்பியால் தட்டித் திறந்து, உள்ளே இருந்த பேட்டரிகளைப் புல்வெளியில் கொட்டினார். சுவர்க் கடிகாரத்துப் பேட்டரி ஒன்று உருண்டு அதிகாரியின் பூட்ஸில் இடித்து நின்றது. யாரோ சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. முதலமைச்சரின் வண்டிகள் தெருமுனையில் நிற்பதாக அவருடைய வாக்கிடாக்கி ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளை, கதவு திறந்திருந்தது, உள்ளே வந்துவிட்டது, ஒன்றுமில்லை, எல்லாம் சரி என்று அவர் அதில் பதில் சொன்னார். என் பெயரை எங்கேயும் எழுதவில்லை. அட்டையை என் கையில் திணித்து, போ, இனிமேல் இந்தத் தெருப் பக்கம் பார்த்தேன் என்றால் உன் அப்பாவைக் கூப்பிடுவேன் என்றார். சித்தப்பாவிடம் மட்டும், நீ இங்கேயே இரு, உன்னிடம் அப்புறம் பேச வேண்டும் என்றார்.

கான்ஸ்டபிள் என்னை வாசல்வரை கொண்டுபோய் விட்டாள். உடையாமல் இருந்த ஒரு ஸ்லைடைக் கைக்குட்டையில் சுற்றித் தந்தாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு பஸ் ஸ்டாப்வரை நடந்தேன்.

வீட்டில் நான் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால், சித்தப்பா என்னைத் தெரியாது என்றதையும் சொல்ல வேண்டியிருக்கும். அது எனக்கு அவமானமாக இருந்தது. அன்று ராத்திரி சித்தப்பா அம்மாவின் போனில் கூப்பிட்டு என்னிடம் பேச வேண்டும் என்றார். படிக்கிறேன் என்று சொல்லச் சொன்னேன். மறுநாள் மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது, சாணக்யபுரிக் காற்றிலும் தூசி இருக்கத்தான் செய்தது. கோல் மார்க்கெட்டைவிடக் குறைவு, அவ்வளவே. மேடம் என்னைத் தனியாக அழைத்துத் திட்டிவிட்டு முழு மார்க்கும் போட்டார்.

அடுத்த ஞாயிறு சித்தப்பா கையில் ஒரு கிலோ பாலுஷாஹி இனிப்போடு வந்தார். நொய்டாவில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்துவிட்டது, அந்த கெஸ்ட் ஹவுஸை விட்டுவிட்டேன் என்றார். சம்பளம் எப்படி, பர்மனென்டா என்று அப்பா கேட்டார். பிரைவேட்தான், ஆனால் நல்ல கம்பெனி என்றார் சித்தப்பா. இத்தனை வருஷம் காத்திருந்துவிட்டுக் கடைசி நேரத்தில் யாராவது விடுவார்களா என்று அப்பாவுக்கு வருத்தம். அம்மா கேசரி கிண்டினாள். நான் என் அறையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன். சொந்த அண்ணன் மகளை ஊரறியத் தெரியாது என்று சொல்லி வேலையைக் காப்பாற்றிக்கொண்டவர், ஒரே வாரத்தில் அதைவிட நல்ல வேலைக்குத் தாவிவிட்டார். இப்படிப்பட்டவர்கள்தான் பிழைக்கிறார்கள் என்று அந்த வயதில் எனக்கே உரிய ஞானத்தோடு நினைத்துக்கொண்டேன்.

சித்தப்பா என் அறை வாசலில் வந்து நின்றார். "மைக்ராஸ்கோப்புல என்னட்டி தெரிஞ்சுது?" என்று கேட்டார். நான் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல், தூசி என்று இந்தியில் சொன்னேன். அன்றைக்கு மட்டும் அவர் காது கேட்காதவர் மாதிரி நிற்கவில்லை. அச்சா என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

சங்கரன்கோவில் பெண்ணுக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆயிற்று. சித்தப்பா அதற்குப் பிறகு நாலைந்து வருடம் தனியாக இருந்து, வயது ஏறிய பிறகு மதுரைப் பக்கம் ஒரு பெண்ணைக் கட்டினார். நான் டாக்டர் ஆகவில்லை, அது வேறு கதை. ஒருநாள் போனில் பேசிக்கொண்டிருக்கும்போது அம்மா, சித்தப்பாவின் மறதியைப் பற்றிச் சொல்லிச் சிரித்தாள்.

"அவன் என்ன, கைக்கு வந்த பர்மனென்டையே தொலச்சவன்தானே! நொய்டா வேலையெல்லாம் பெறவு தேடுனது. மாடிக் கதவப் பூட்டாம தெறந்து போட்டுட்டுப் போயிட்டான்னு அன்னிக்கே அனுப்பிட்டாங்களாம். ரொம்ப நாள் கழிச்சு உங்க அப்பாகிட்ட மட்டும் சொல்லிருக்கான்."

சித்தப்பா அப்பாவிடம் கதவைப் பற்றி மட்டும்தான் சொல்லியிருக்கிறார். டின்னைப் பற்றியும் என்னைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

உள்ளே இருக்கும் ஆள் ஒருவர் தன் அண்ணன் மகளைக் கூட்டி வந்து, முதலமைச்சர் இறங்கும் இடத்துக்கு நேர் மேலே பேட்டரி டின்னை வைக்கவிட்டார் என்றால் அது சதி, விசாரணை, ஸ்டேஷன், அப்பாவின் வேலைக்கும் என் பரீட்சைக்கும் வேட்டு. யாரோ ஒரு பள்ளிக்கூடப் பெண் திறந்து கிடந்த கதவு வழியாக நுழைந்துவிட்டாள் என்றால் அவள்மேல் தப்பே இல்லை. கதவைத் திறந்து போட்டவன்மேல்தான் தப்பு. சாவி ஒருவரிடம்தான் இருந்தது. இதெல்லாம், என் எதிரே விரலை நீட்டிக் கத்திக்கொண்டிருந்த நேரத்தில் சித்தப்பாவுக்குத் தெரிந்திருந்தது. பயாலஜியில் முழு மார்க் வாங்கிய எனக்குத் தெரியவில்லை.

தர்வாஸா குலா தா என்று நான் சொன்னதும் அவர் கண்ணை மூடி, பெரிதாக மூச்சு விட்டார். வேலை தப்பியது என்ற நிம்மதி அது என்று நான் நினைத்தேன்.